பணமா, அரிசியா?

வறிய குடும்பம் ஒன்றுக்குக் கைகொடுக்க முன்வரும் அரசும் தொண்டு நிறுவனமும் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. உதவியை அரிசியாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா? பணமே நல்லது என்போரின் தொகை இப்போது கூடிவருகிறது. அவர்களுடைய நியாயங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இந்தக் கேள்விக்கு நமது நாடு முன்னரே ஒரு தடவை விடையளித்து, அதனால் துன்பமும் பட்டிருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பேசுவது சரியாகாது.

பணத்தின் பக்கமுள்ள நியாயங்களை முதலில் பார்ப்போம். மூட்டைகளை ஏற்றி இறக்கவும் களஞ்சியத்தில் காக்கவும் நிறுத்துப் பங்கிடவும் செலவாகிறது. 2011இல் உலக உணவுத் திட்டம் ஈக்குவடோர் நாட்டின் வடபகுதியில் ஒரு பரீட்சார்த்தம் நடத்தியது. அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் கொலம்பியாவிலிருந்து வந்த அகதிகளுக்கும் மாதம் 40 டொலர் பெறுமதியான உதவி வழங்கப்பட்டது. சிலருக்குப் பணமாகவும், சிலருக்குக் கடைச் சீட்டாகவும், வேறு சிலருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், ரின் மீன் என்றும் அது கிடைத்தது. உணவுப் பொருளை ஒரு தடவை கொண்டுசேர்க்க 11 டொலருக்கு மேல் செலவாயிற்று; பணத்தைச் சேர்ப்பிக்க ஏறத்தாழ 3 டொலர் போதுமாயிருந்தது. ஆனால் உண்ட கலோரியின் அளவு அதிகம் கூடியது பொருள் பெற்றவர்களிடம். உணவு வகைகள் அதிகம் கூடியது சீட்டுப் பெற்றவர்களிடம்.

2004 சுனாமிக்குப் பின்னர் இலங்கையிலும் உலருணவுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துப் பார்த்தனர். பணம் பெற்ற குடும்பங்கள் அரிசியையும் மாவையும் சற்றுக் குறைத்து, இறைச்சி, பால் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டன. பணம் கொடுத்தால் அது சாராயக் கடைக்குப் போய்விடும் என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதற்கு ஆதாரம் காணவில்லை. ஏழைத் தாய்க்குத் தன் வீட்டுத் தேவை எதுவென்று தெரியும் என்பதை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

அப்படியானால் தயக்கம் எதற்கு? நமது கூப்பன் அரிசியின் கதையே அதற்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு முறை பல ஆண்டுகள் நிலைத்தது. 1953இல் அரசு கூப்பன் அரிசியின் விலையை கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பிற்காலத்தில் 1978இல் பங்கீட்டு அரிசி வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அதுவும் நின்று உணவு முத்திரை வந்தது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மாதம் 15 ரூபா. சிறுவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக.

அதுவரை ஏழைக்குக் கிடைத்தது ஓர் அளவு. அதன் பின் கிடைத்தது ஓர் எண். அரிசி, மா விலைகள் ஏறின. முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முத்திரையின் வாங்கும் சக்தி ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. மிக வறிய ஐந்திலொரு பங்கு மக்கள் உண்ட கலோரியும் அக்காலத்தில் குறைந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. உதவியை வெட்டுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அதனால் ஹர்த்தாலும் நடக்கவில்லை. 1953இல் கண்முன்னே நடந்தது, இம்முறை சத்தமின்றி நடந்து முடிந்தது.

எனவே பணமா அரிசியா என்பதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. விலை ஏறும்போது அந்தச் சுமையை யார் தாங்குவது? அரிசி கொடுத்தால் கொடுப்பவர் தாங்குகிறார். மாறாத தொகை கொடுத்தால் வாங்குபவர் தாங்குகிறார். எத்தியோப்பியாவில் 2008இல் தானிய விலை ஏறியபோது, அதுவரை பணத்தை விரும்பிய ஏழைகளிற் பலர் உணவே தாருங்கள் என்று கேட்டனர். நமது நாட்டில் 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. ஆயிரம் ரூபா சாமானுக்கு ஏறத்தாழ 1,950 ரூபா வேண்டியிருந்தது.

2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி வங்கிக் கணக்குக்குப் பணமாகவே வருகிறது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பங்களுக்கு 15,000 ரூபா 17,500 ஆகவும், வறிய குடும்பங்களுக்கு 8,500 ரூபா 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. இது நல்ல காரியம். ஆனால் ஏழையின் சோறு அவ்வப்போது வரும் அறிவிப்பில் தங்கியிருக்கலாகாது. அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலையோடு இத்தொகை தானாகவே உயரும்படி சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

கடையில் சாமான் இல்லாத இடத்தில் பணத்தால் பயனில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த வடபகுதி மக்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்பட்ட ஊருக்கும் முதலில் அரிசிதான் வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மெக்சிக்கோவின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் உணவாகக் கொடுத்த உதவி உள்ளூர் விலையைக் குறைத்தது. வாங்கி உண்பவருக்கு அது ஆறுதல். விளைவித்து விற்பவருக்கு நட்டம். ஆகவே கொடுக்கும் அரிசியை வெளியிலிருந்து கொண்டுவராமல், இயன்றவரை அயலிலுள்ள விவசாயிகளிடமே நியாய விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நமது கிராமச் சங்கங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே கடையில், ஐந்து சாமான்களின் விலையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிடைக்கும் உதவிப் பணத்தில் எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் என்பதையும் பக்கத்திலே குறியுங்கள். ஓராண்டு முடிவில் அந்தக் கொப்பியுடன் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். 1979இன் பின்னர் ஏழைகளிடம் அப்படியொரு கொப்பி இருக்கவில்லை.