சிறகைக் கண்டு மயங்காதீர்

ஆடையை மாத்திரம் கண்டு ஒருவரை இன்னாரெனத் துணிதல் தகாது என்பர் பெரியோர். வண்ணத்துப்பூச்சிகளை இனங்காண விரும்பும் மாணவர்க்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

உங்கள் வளவிலே கறிவேப்பிலையோ தேசிமரமோ நிற்குமாயின், பின்சிறகில் வால்போன்ற நீட்சியுடைய கரிய வண்ணத்துப்பூச்சியொன்று அதனை நாடி வருவதைக் காணலாம். 'கொமன் மோர்மன்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். விஞ்ஞானிகள் 'பபிலியோ பொலிற்றெஸ்' என்பர். ஆணை அறிதல் எளிது. அதன் பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளிகள் ஒரு வரிசையாய் அமைந்திருக்கும். பெண்ணோ மூன்று கோலங்களில் வரும். ஒன்று ஆணையே ஒத்தது. இரண்டாவதன் பின்சிறகு நடுவில் வெண்திட்டும் ஓரத்திற் செம்பிறைகளும் உடையது. மூன்றாவதற்கு முன்சிறகில் வெண்பட்டைகளும் பின்சிறகிற் செம்புள்ளிகளும் உண்டு. ஓரினத்துப் பெண்களே இவ்வாறு பல வடிவில் வருமென்பதை அல்பிரட் றசல் வொலஸ் 1865 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

இக்கோலங்கள் எதற்காக? 'கொமன் றோஸ்', 'கிரிம்சன் றோஸ்' என வேறு இரு வண்ணத்துப்பூச்சிகள் நம் நாட்டில் உள்ளன. அவற்றின் புழுக்கள் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளர்வன. அக்கொடியின் நஞ்சு வளர்ந்த பூச்சியின் உடலிலும் தங்கிவிடும். ஒருமுறை அதனை உண்டு வருந்திய பறவை மறுமுறை அணுகாது. நஞ்சில்லாத மோர்மன் பெண், முன்னையதன் கோலத்தை ஒரு வடிவிலும் பின்னையதன் கோலத்தை மற்றொரு வடிவிலும் பூண்டு உயிர் தப்புகின்றது. எனினும் போலிகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகினால், பறவைகள் அச்சம் நீங்கி அவற்றை உண்ணத் தொடங்கும். இக்கோலத்தைத் தீர்மானிப்பது 'டபிள்செக்ஸ்' என்னும் ஒரேயொரு பரம்பரையலகே என ஆராய்ச்சியாளர் 2014 இல் அறிவித்தனர்.

பறவை ஏமாறலாம், நாம் ஏமாற வேண்டியதில்லை. சிறகை விட்டு உடலைப் பாருங்கள். றோஸ் பூச்சிகளின் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு நிறம் தெளிவாய்த் தெரியும். மோர்மனின் உடலோ கறுப்பு. றோஸ் பூச்சிகள் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லாதவை போல ஆறுதலாகப் பறக்கும். மோர்மன் விரைந்து பறக்கும்.

இன்னும் ஐயமாயின், அது முட்டையிடும் செடியைக் கவனியுங்கள். செம்புள்ளிச் சிறகோடு வந்து கறிவேப்பிலையில் முட்டையிடுவது மோர்மனே. அம்முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலிற் பறவையின் எச்சம் போலத் தோன்றும். வளர்ந்தபின் இலையோடு இலையாய்ப் பச்சை நிறம் பெறும். அதனை நசுக்கிவிடாது சில வாரம் பொறுத்திருந்தால், வெளிவருவது எக்கோலம் என்பதை நீங்களே கண்டறியலாம்.