தகுதி என்கிற பூட்டு

ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆகிவிட்டால் மலர் போட்டுவிடுவார்கள். முதல் பக்கத்தில் ஸ்தாபகர் படம், அடுத்து மந்திரியின் வாழ்த்து, அப்புறம் கட்டடங்களின் புகைப்படங்கள், கடைசியில் தேர்ச்சி விகிதம். இதுதான் பள்ளியின் சரித்திரம் என்கிறார்கள். இல்லை என்கிறேன் நான். எந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பள்ளி பிறந்ததோ, அந்தக் கேள்விதான் அதன் சரித்திரம்.

புதுச்சேரியில் பெத்தி செமினேர் என்று ஒரு பள்ளி இருக்கிறது. ஆண்பிள்ளைகள் பள்ளியாகப் பேர் வாங்கியது. பிரெஞ்சில் அந்தப் பெயருக்குச் 'சின்னக் குருமடம்' என்று அர்த்தம். பாதிரிமாராகப் போகிற பிள்ளைகளைத் தயார் செய்த இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. அதன் பிறப்பாண்டு 1844.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் புதுச்சேரியில் ஒரு சங்கம் கூடினார்கள். நாட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் குருமாராக்குவது பற்றிப் பேசினார்கள். அதற்குள்ளே ஒரு முள் இருந்தது. தமிழன் குருவாகலாம், சரி. வெள்ளைக்காரருக்கு எடுபிடியாகத்தான் இருக்க வேண்டுமா, தலைவனாகவும் ஆகலாமா? சங்கத்தின் தீர்மானங்கள் ரோமாபுரிக்குப் போயின. 1845 நவம்பரில் ரோம் பதில் சொல்லிற்று: நாட்டுக் குருமாரை உதவியாளராகவே வைத்திருக்கக் கூடாது, மேற்றிராணியார் ஆகும் அளவுக்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டும்.

அப்போது புதுச்சேரிக் குருமடத்துக்குத் தலைவராக இருந்தவர் பிரெசில்லாக் என்கிற இளம் பாதிரியார். இந்தக் கட்சிக்கு அவர் உயிரையே கொடுக்கக்கூடியவர். அவரைத்தான் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி கருமத்தம்பட்டியில் அவருக்கு மேற்றிராணியார் பட்டம் கட்டினார்கள். ஆம், நம் கருமத்தம்பட்டிதான். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி போகிற வழியில், சோமனூர் விசைத்தறிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற அதே ஊர்.

அவரால் நிலைக்க முடிந்ததா? இல்லை. நாட்டுக் குருமார் விஷயத்தில் கூட்டாளிகளோடு பிணக்கு. சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்பதில் மனச்சாட்சியோடு பிணக்கு. 1855-இல் பதவியை விட்டார். மறு வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார். 1859-இல் ஃப்ரீடவுனில் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது நாற்பத்தைந்து.

தூத்துக்குடிக்குத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை மேற்றிராணியாரானது 1923-இல். நம் நாட்டு லத்தீன் திருச்சபையில் இக்காலத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். 1845-இலிருந்து 1923 வரை எழுபத்தெட்டு வருஷங்கள்! அத்தனை காலமும் தமிழ்நாட்டில் ஒரு தகுதியுள்ள ஆள்கூடப் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். 'இன்னும் பக்குவம் வரவில்லை' என்ற ஒரே பூட்டு அவர்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

பூட்டுப் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. கடல் கடந்து வந்தவர்கள், தமிழ் படித்தவர்கள், 1855-இல் தமிழ்-பிரெஞ்சு அகராதியையே அச்சிட்டுத் தந்தவர்கள். அதுதான் பயங்கரம். நல்லவர்கள் கையில் இருக்கிற பூட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

பழைய பாதிரிமார் சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். திருப்பூருக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத ஒரு பையன். தகப்பனைக் கூப்பிட்டு, 'இவன் ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவான், டீ.ஸி.யை வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடிகிறவரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009-இல் சட்டம் வந்தது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்! இந்த ஊரில் வேலைக்கா பஞ்சம்? அடுத்த திங்கட்கிழமை அவன் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. பள்ளிக்கூட வாசலில் தட்டி தொங்குகிறது: நூற்றுக்கு நூறு தேர்ச்சி!

'தரம் குறைந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். வைத்தியர் நோயாளிகளை விரட்டிவிட்டு, 'என் ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது' என்று பெருமையடித்தால் அதற்குப் பேர் தரமா? கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வரவைப்பதற்குத்தானே வாத்தியார்? தகுதி வந்தபின் இடம் தருகிறேன் என்பவன் ஒருநாளும் இடம் தரமாட்டான். இடம் கொடுத்தால்தான் தகுதி வரும். பிரெசில்லாக் சொன்னதன் சாரம் இதுதான். கிறிஸ்தவப் பள்ளியோ, இந்துப் பள்ளியோ, நேற்று முளைத்த மெட்ரிகுலேஷனோ, யாரானாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த மலர் போடுகிறபோது ஒரே ஒரு பக்கத்தை எனக்காக ஒதுக்குங்கள். பாதியில் அனுப்பிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதில் அச்சிடுங்கள். அந்த எண்ணைப் போடத் துணிகிற பள்ளிக்குத்தான் சரித்திரம் உண்டு. மற்றவற்றுக்கு வயசு மட்டும்தான்.