சொல்லு இருக்கு, மெட்டு எங்க?

மலையக நாட்டார் பாடல்னு சொன்னதுமே நமக்கு சி.வி.வேலுப்பிள்ளை ஞாபகம்தான் வரும். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், தொழிற்சங்கக்காரர். அத்தனை வேலைக்கு நடுவிலும் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பைத் தந்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணியத்தில் சொற்கள் பிழைத்தன. ஆனா மெட்டு? புத்தகத்தைத் திறந்து ஒரு ஒப்பாரியைப் பாடச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குப் பாட வரும்?

மெட்டைக் காப்பாற்ற ஒரு வழி, அதை வாசிப்பது. இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாண்ட் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் வாழ்ந்த பூமி. அங்கே 1882லேயே பாடல்களை மெட்டோடு, ஸ்வரக்குறிப்பு போட்டு அச்சடித்துவிட்டார்கள். பிறகு அலிஸ்டர் ஆண்டர்சன் போன்றவர்கள் வயசான மேய்ப்பர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அந்த மெட்டுகளை கன்சர்டினாவில் வாசித்தார்கள். கன்சர்டினா, கைக்குள் அடங்கும் ஒரு துருத்திப் பெட்டி. அதுவும் அந்த ஊர்ப் பழைய வாத்தியம் இல்லை. லண்டனில் அதை உருவாக்கியவர் வீட்ஸ்டன். ஏ.எல். பௌதிகவியலில் 'வீட்ஸ்டன் பாலம்' படிக்கிறோமே, அதே ஆள்தான்.

கன்சர்டினாவின் சொந்தக்காரன் நம்ம தோட்டத்துக் கோயில் பஜனையிலேயே இருக்கிறான்: ஆர்மோனியம். காற்று பட்டு உலோக நாக்கு அதிர்வதுதான் இரண்டிலும் சங்கதி. பக்திப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஆர்மோனியப் பெட்டி திறக்கிறது. அம்மாயி பாடிய தாலாட்டுக்கு ஏன் திறக்கக் கூடாது?

"நம்ம வாத்தியம் தப்புதானே?" என்று கேட்பீங்க. சரிதான். பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்பு, காமன் கூத்தை நடத்துவதும் தப்பு. அதைச் சாதி சொல்லி ஒதுக்கியவர்களை எதிர்த்துத்தான் இன்றைக்கு இளசுகள் தோளில் மாட்டுகிறார்கள். அது தொடரணும். ஆனா தப்பு அடியைத்தான் வைத்திருக்கும். மெட்டு குரலில் இருக்கிறது. அந்தக் குரல்களுக்கு வயசாகிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. ஒப்பாரியில் குரல் வழுக்கிக்கொண்டு இறங்கும் இடத்தை ஆர்மோனியக் கட்டையால் பிடிக்க முடியாது. இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்தது. அதனால் வாசிப்பு மட்டும் போதாது. பாடுகிற குரலையும் பதிவு செய்யணும். மெட்டின் எலும்பைக் கட்டை காட்டும், சதையைக் குரல்தான் காட்டும். ஆனா வாசிப்பில் ஒரு லாபம் இருக்கு: ஒரு மெட்டை விரலுக்குக் கொண்டுவரணும்னா, பாடுகிறவரை பத்துத் தடவை பாட வைத்து உன்னிப்பாகக் கேட்கணும். சும்மா ரெக்கார்ட் பண்ணி ஃபோனில் போட்டு வைப்பதில் அந்த உழைப்பு இல்லை.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். நல்ல விஷயம். அந்த வழியில் வந்தவர்கள் சுமந்து வந்த மெட்டு இன்னும் சில லயங்களில் மிச்சமிருக்கிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கீபோர்ட் கிளாஸ் போகிற தம்பி தங்கச்சிகளே, அடுத்த சினிமாப் பாட்டுக்கு முன்னால் ஒரு தாலாட்டு, ஒரு கும்மி பழகுங்க. வீட்டில் பாடத் தெரிந்தவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்க. கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்பில் முதலில் "போடா, எனக்கு என்ன தெரியும்"னுதான் சொல்லுவாங்க. திரும்பவும் கேளுங்க.