யாருடைய 48 மணி நேரம்?

எல்லோருக்கும் ஒரே 48 மணி நேரம்தான், திறமை மட்டும்தான் வேறுபடும் என்கிறார்கள் குறும்படப் போட்டி நடத்துபவர்கள். இதைவிடச் சாமர்த்தியமான பொய்யை நான் அண்மையில் கேட்டதில்லை.

2001இல் வாஷிங்டனில் தொடங்கிய '48 ஹவர் ஃபிலிம் ப்ராஜெக்ட்' இன்று உலகின் பல நகரங்களில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை சீட்டெடுத்து, எந்த வகைப் படம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கதாபாத்திரம், ஒரு பொருள், ஒரு வரி வசனம் எல்லாக் குழுக்களுக்கும் பொது. ஞாயிறு மாலைக்குள் எழுதி, எடுத்து, வெட்டி, ஒலி சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். 2011இல் தொடங்கிய 'இந்தியா ஃபிலிம் ப்ராஜெக்ட்' 50 மணி நேரம் தருகிறது. இதே அச்சில் கல்லூரி விழாக்கள்கூடப் போட்டி நடத்துகின்றன. ஒரு நிமிடம் தாமதமானாலும் படம் போட்டியில் இல்லை.

இந்தக் கடிகாரத்தை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களுக்கு வெள்ளி மாலை என்பது ஒரு ஷிஃப்டின் தொடக்கமாகவோ நடுவாகவோ இருக்கும். சனிக்கிழமையும் வேலை. மிஞ்சும் ஞாயிறு, வாரத் துணியைத் துவைக்கவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், தூங்கவும் போய்விடும். நாம் போட்டியை நோக்கி வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தொடர்ச்சியாக 48 மணி நேரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர் யார்?

வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் அந்த நேரம் கையில் இல்லை. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவேயில்லை. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் அதைச் செய்கிறார். போட்டியில் ஓர் இளைஞன் இரண்டு இரவு கண்விழித்து எடிட் செய்கிறான் என்றால், அவனுக்கு யாரோ சோறு போடுகிறார்கள், அவன் சட்டையை யாரோ துவைக்கிறார்கள். அவர்கள் பெயர் படத்தின் இறுதியில் ஓடுவதில்லை.

எங்கள் மாணவிகள் நான்கு பேர் இப்படியொரு போட்டியில் சேர்ந்தார்கள். விடுதியில் சனி, ஞாயிறு காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வெளியே போகலாம். கூட்டினால் 20 மணி நேரம். மற்றவர்களுக்கு 48, இவர்களுக்கு 20. அந்த ஆண்டு பரிசு பெற்ற படம் முழுக்க இரவில், நெடுஞ்சாலை டீக்கடையில் எடுக்கப்பட்டது. கலப்புக் குழுக்களில் சேர்ந்த பெண்களுக்கோ நடிப்பும் உடை எடுத்துவைக்கும் வேலையும் கிடைத்தன. கேமராவும் லேப்டாப்பும் ஆண்களின் மடியில்.

கட்டுப்பாடுதானே கலையைக் கூர்மையாக்கும் என்பார்கள். தமிழ் படித்தவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். கொடுத்த பொருளில், கொடுத்த ஈற்றடியில் உடனே பாடும் ஆசுகவியை நாம் பல நூற்றாண்டுகளாக அறிவோம். ஆனால் ஆசுகவிக்குச் சபை இருந்தது, புரவலர் இருந்தார், பொழுது இருந்தது. அதே காலத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டையும், பிணத்தருகே மாரடித்துக்கொண்டே ஒப்பாரியையும், சேற்றில் குனிந்தபடி நடவுப் பாட்டையும் அந்தக் கணத்திலேயே கட்டியவர்கள் பெண்கள். காலக் கட்டுப்பாட்டுக்குள் படைப்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பாடல்களைக் கட்டியவர்களை மட்டும் எந்த இலக்கண நூலும் ஆசுகவி என்று சொல்லவில்லை.

சினிமாவின் தொடக்கத்தையே பாருங்கள். 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்று, லியோன் நகரத்தில் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாது. வாசலைக் கடந்து வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் செய்த பொருள் ஒளிப்படத் தகடு. ஒளிப்படத் தகட்டைச் செய்தவர்கள் கேமராவுக்கு முன்னால், முதலாளி கேமராவுக்குப் பின்னால். இன்று சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஐபோனைப் பூட்டுகிறார்கள். அந்த ஐபோனில் எடுக்கும் படத்துக்குப் போட்டிகளில் தனிப் பிரிவே உண்டு. அதைப் பூட்டியவளுக்கு அந்தப் பிரிவில் இடம் எங்கே?

அவளிடம் கதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்களின் நிலை தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலை நாளுக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இந்தச் சாலையில் நேரம்தான் அரசியல். எட்டு மணியா பன்னிரண்டா என்று சண்டை நடக்கும் இடத்தில் 48 மணி நேரத்தை விளையாட்டுக் காசாக உருட்டுவது, நேரம் உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்த்த கேளிக்கை.

போட்டிகளை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடிகாரத்தை மாற்றுங்கள் என்கிறேன். 48 மணி நேரத்தை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்து, ஞாயிறுக்கு எட்டு மணி நேரம் கொடுங்கள். வேகமாகச் சிந்திக்கும் சவால் அப்போதும் இருக்கும். இயக்கம், கேமரா, எடிட்டிங் மூன்றில் ஒன்றாவது பெண் கையில் இருக்க வேண்டுமென விதி செய்யுங்கள். தொழிலாளிக்கு நுழைவுக் கட்டணத்தை நீக்குங்கள். குழந்தையோடு வருபவளுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. அடுத்த போட்டியை அங்கே நடத்துங்கள். எடிட் செய்ய அங்கே ஓர் அறையும், படம் பார்க்க ஒரு திரையும் கொடுங்கள்.

மாணவிகளுக்கு ஒரு சொல். அழைப்பிதழ் வரும்போது பரிசுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் நேர அட்டவணையைப் பாருங்கள். அது யாருடைய வாழ்க்கையை அளவெடுத்துத் தைத்த சட்டை என்று கேளுங்கள். பொருந்தவில்லையென்றால் உங்கள் உடம்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டாம். சட்டையைப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.