கட்டணச் சுமையால் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறும் தொழிலாளர் பிள்ளைகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர் குடும்பங்களின் பெற்றோர் சங்கம்,
சிவகாசி வட்டாரம்.

பெறுநர்
1. உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர் மாவட்டம்.
2. உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: தனியார் பள்ளிகளில் கட்டணம் கட்ட இயலாமல் அரசுப் பள்ளிகளுக்கு மாறும் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை, அரசு ஒதுக்கீடு ஆகியவற்றில் உள்ள தடைகளை நீக்கக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: 1. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 5.
2. தமிழ்நாடு பள்ளிகள் (கட்டண வசூல் முறைப்படுத்தல்) சட்டம், 2009.
3. மாற்றுச் சான்றிதழ் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் வழங்கிய தீர்ப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் கூலி வேலை பார்க்கும் பெற்றோர் நாங்கள். எங்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள். இப்போது அதே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரசுப் பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறோம்.

டையும் ஷூவும் ஆங்கிலமும் மட்டும் எங்களைத் தனியார் பள்ளிக்கு இழுக்கவில்லை. ஆலை வண்டி விடியும் முன்னரே தெருமுனைக்கு வந்துவிடும். தாயும் தகப்பனும் அதில் ஏறிப் போன பிறகு பிள்ளையை வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ள ஒரு வேன் வந்தது. அந்த வேனுக்கும் சேர்த்துத்தான் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினோம்.

கட்டணம் ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. அதையொட்டி ஆலைகள் பல மாதம் பூட்டிக் கிடந்தன. சரம் பின்னியே பிழைத்த பெண்கள் வேறு வேலைக்கு மாறினார்கள். அடுத்து கொரோனா வந்தது. மழை பெய்தால் வேலை இல்லை, விபத்துக்குப் பின் ஆய்வு நடந்தால் வேலை இல்லை, தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலை இல்லை. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. எங்கள் கையில் மொத்தமாகப் பணம் புழங்குவது ஐப்பசியில் போனஸ் வரும்போதுதான். பள்ளியோ வைகாசியிலும் ஆனியிலும் கேட்கிறது. இடைப்பட்ட மாதங்களுக்கு அட்வான்ஸும் வட்டியும்தான் வழி.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. நாடு முழுவதும் கிராமப்புறங்களில் நடத்தப்படும் அசர் ஆய்வின்படி, 2018இல் 64.3 விழுக்காடாக இருந்த அரசுப் பள்ளிச் சேர்க்கை 2021இல் 70.3 விழுக்காடாக உயர்ந்தது. வந்தவர்களை அரசுப் பள்ளிகள் அன்போடு சேர்த்துக்கொண்டன. காலை உணவும் பாடநூலும் சீருடையும் எங்கள் சுமையைக் குறைத்திருப்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம். எங்கள் குறை இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பற்றியது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தம் மகளை நான்காம் வகுப்போடு தனியார் பள்ளியிலிருந்து நிறுத்தினார். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கேட்டுப் போனபோது, பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று முறை போனார். மூன்று நாள் கூலி போயிற்று. ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்தார். ஆனால் பழைய பள்ளி, கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ் தளத்தில் பெயரை விடுவிக்காததால் பதிவேட்டில் ஏற்ற முடியவில்லை. பெயர் ஏறாததால் புத்தகமும் சீருடையும் கணக்கில் வரவில்லை. அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தே முதல் பருவத்தை ஓட்டியது.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும், அது வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் குறிப்பு எழுதவும் கூடாது என்று உயர் நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. பாக்கியை நாங்கள் மறுக்கவில்லை. அது பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ள கணக்கு. அதில் பிள்ளையைப் பிணையாக வைக்கக் கூடாது என்கிறோம்.

எங்கள் பகுதியில் இந்த இடைவெளி மற்ற ஊர்களைவிட ஆபத்தானது. எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாத பிள்ளையின் கைக்கு இங்கே வேலை தேடி வரும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரு தலைமுறை உழைத்துப் பிள்ளைகளைப் பட்டாசு மருந்து வேலையிலிருந்து மீட்டிருக்கிறது. மூன்று மாதம் டி.சி. கிடைக்காத பிள்ளையை மீண்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாது.

இன்னொரு தடை ஆறாம் வகுப்பில் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெற, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) இடத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9ஆம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வருபவருக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அதை வரவேற்கிறோம். ஆனால் குலுக்கலில் ஆர்.டி.இ. இடம் கிடைக்காமல், கடன் வாங்கிப் படிக்க வைத்து, முடியாமல் 7ஆம் வகுப்பில் மாற்றிய தொழிலாளியின் பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை. இரண்டு பிள்ளைகளின் தகப்பன்களும் ஒரே ஆலை வண்டியில்தான் போகிறார்கள். இந்த விதி இருப்பதே பலருக்குப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

எனவே பின்வரும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

மாவட்ட அளவில் நிறைவேற்றக் கோருபவை:

1. விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் மாற்றுச் சான்றிதழ் வழங்கவும், அதே நாளில் எமிஸ் தளத்தில் மாணவர் பெயரை விடுவிக்கவும் அனைத்துத் தனியார் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் கல்வி அலுவலரே பெயரை விடுவிக்க வேண்டும்.

2. டி.சி. வரும்வரை காத்திராமல், சேர்ந்த நாளிலேயே பாடநூல், சீருடை, உணவு, பஸ் பாஸ் கிடைக்கச் செய்ய வேண்டும்.

3. சேர்க்கைக் காலத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவி முகாம் நடத்த வேண்டும். வார நாளில் அலுவலகம் வந்தால் எங்களுக்குக் கூலி போய்விடும்.

4. கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் நிர்ணயித்த கட்டணத்தைப் பள்ளி வாசலில் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். கூடுதல் வசூல் குறித்த புகார்களில், பெற்றோர் பெயரை வெளியிடாமல் விசாரணை நடத்த வேண்டும்.

5. ஆங்கில வழியிலிருந்து தமிழ் வழிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் தமிழ் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தனிப் பயிற்சி தர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது வகுப்பு சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே சில பிள்ளைகள் பள்ளிக்கு வர மறுக்கின்றன.

6. பெற்றோர் ஆலையிலிருந்து திரும்பும்வரை, மாலை 6 மணி வரை, பிள்ளைகள் பள்ளியிலேயே பாதுகாப்பாக இருக்க ஏற்பாடு வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களோடு சேர்ந்து பணியாற்ற எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர்.

அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருபவை:

7. கட்டணம் கட்ட முடியாத நிலையை வருமானச் சான்றோடு நிறுவும் குடும்பங்களின் பிள்ளைகள் 8ஆம் வகுப்பு வரை எப்போது அரசுப் பள்ளிக்கு மாறினாலும், 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, 5ஆம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் இந்த விதியைத் தெரிவிக்க வேண்டும்.

8. ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் எண்ணிக்கை நிர்ணயிக்கப்படுகிறது. அதற்குப் பின் வரும் பிள்ளைகளுக்காக எங்கள் மாவட்டத்தில் ஜனவரியில் மறு கணக்கெடுத்து, தேவையான இடங்களில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த வேண்டும்.

9. 5ஆம் வகுப்போடு நிற்கும் காலை உணவுத் திட்டத்தைப் பட்டாசுத் தொழில் வட்டாரங்களில் 8ஆம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும்.

10. ஆர்.டி.இ. சேர்க்கையை ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன்பே முடிக்க வேண்டும். 2025-26இல் அது அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் எங்களில் பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டோம்.

ஐயா / அம்மா, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளி நடத்திய ஊர் விருதுநகர். அந்தப் பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் கடை வேலைக்குப் போன பெருந்தலைவர் காமராசர்தான் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். அவர் பிறந்த ஜூலை 15ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளுக்குள் முதல் ஆறு கோரிக்கைகள் மீதும் ஆணை பிறப்பித்து, மற்ற நான்கையும் தங்கள் பரிந்துரையுடன் அரசுக்கு அனுப்பி, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: சிவகாசி

இணைப்பு: மாற்றுச் சான்றிதழ் நிலுவையிலுள்ள பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் கையொப்பங்களுடன்.

நகல்: மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), விருதுநகர்; வட்டாரக் கல்வி அலுவலர்கள், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை.