கல்லைத் தோண்டுமுன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நமக்கு இருப்பது சுண்ணக்கல்லும் அதற்குள் தேங்கிய மழைநீருமே. அந்தக் கல்லை நாம் இன்னும் மூலப்பொருளாக மட்டுமே எண்ணுகிறோம் என்பதே என் முறைப்பாடு.

நான் கலைப் பட்டதாரி. புவிச்சரிதவியல் கற்றவன் அல்லன். ஆயினும் இக்கல்லின் கதை எவருக்கும் விளங்கக்கூடியது. மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இடைக்காலத்தில், இப்பகுதி ஆழம் குறைந்த கடலாக இருந்தது. சிப்பிகள், பவளங்கள், நுண்ணுயிர்களின் ஓடுகள் யாவும் படை படையாகப் படிந்து இறுகிப் பாறையாயின.

பெற்றோலியத்தின் பிறப்பிடமும் கடலடிப் படிவுகளே. இறந்த நுண்ணுயிர்கள் பிராணவாயு குறைந்த சேற்றில் புதைந்தன. மேலே படிவுகள் குவியக் குவிய அழுத்தமும் வெப்பமும் கூடின. வெப்பம் சுமார் 60 பாகை செல்சியசைக் கடந்தபின் எண்ணெயும், இன்னும் ஆழத்தில் வாயுவும் உருவாகின. 2011இல் மன்னார்க் கடலடியில் கண்டறியப்பட்ட இயற்கை வாயு இத்தகைய தடித்த படிவுகளின் கொடையே.

கல்லும் எண்ணெயும் சுண்ணாகத்தில் சந்தித்தபோது நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. மின் நிலையக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. மக்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றனர். அங்கு இயங்கிய தனியார் மின் நிறுவனம் அம்மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. நிலாவரைக் கிணறு அதற்குச் சான்று. மணல் நீரை வடிகட்டும். இந்த வெடிப்புகள் வடிகட்டுவதில்லை. ஓரிடத்தில் சிந்தியது வேறிடத்துக் கிணற்றில் தோன்றும். நன்னீருக்குக் கீழே உவர்நீர் காத்திருக்கிறது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை இயங்கியது. அதற்காகத் தோண்டிய பள்ளங்கள் இன்றும் உள்ளன. மீண்டும் கல் அகழும் பேச்சு எழும்போதெல்லாம் வேலைவாய்ப்பே முன்வைக்கப்படுகிறது. தொழில் வேண்டும், மறுப்பார் இலர். ஆனால் சீமெந்தைக் கப்பலில் இறக்கலாம். குடாநாட்டின் கிணறுகளை அவ்வாறு இறக்க இயலாது.

ஆகவே, இங்கு கல் அகழவோ எண்ணெய் தேக்கவோ அனுமதி வழங்குமுன், நிலத்தடி நீருக்கு நேரக்கூடிய பாதிப்பை ஆராய்ந்து, அவ்வறிக்கையைத் தமிழில் மக்கள்முன் வைக்க வேண்டும். கிணற்றுக்கு உரியவர்கள் படித்த பின்னரே கையொப்பம் இடப்பட வேண்டும்.