பழைய காருக்குக் குளிர்சாதனம் குற்றமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கோயில் தூணின் மேல் எண்ணெய்ச் சாயம் பூசியிருப்பதைக் கண்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றம் நியாயமானது. அதே பதற்றத்தை ஒரு மோட்டார் காரிடமும் காட்டுவோர் இன்று பெருகி வருகின்றனர். பழைய அம்பாசடரையோ, பத்மினியையோ, கான்டெஸாவையோ வைத்திருப்பவரிடம், "இதற்கு ஒரு ஏ.சி. பொருத்தினால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உங்களைப் பகைவராகவே பார்ப்பர். "அசல் போய்விடும்" என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் முழுமையானதன்று என்பது என் கருத்து.

முதலில், அசல் என்றால் என்ன? தாம்பரம் வட்டாரத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி வெகு தொலைவில் இல்லை. பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஆங்கில நாட்டு ஸ்டாண்டர்டு – டிரையம்ப் நிறுவனத்தின் ஹெரால்டு கார் 1961 முதல் 1971 வரை இங்கே தயாராயிற்று. இங்கிலாந்தில் அது இரண்டு கதவு கொண்ட கார். நம் ஊரில் குடும்பம் பெரிது. பின்னிருக்கையில் பாட்டி ஏற வேண்டும். ஆகவே, பின்னாளில் நான்கு கதவு கொண்ட ஹெரால்டை நம்மவர்களே உருவாக்கினர். அத்தகைய கார் இங்கிலாந்தில் கிடையாது. பிறகு 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடல் ரோவர் எஸ்.டி.1, உள்ளே இருந்த எஞ்சினோ பழைய வான்கார்டு காலத்து வடிவமைப்பின் வழிவந்தது. அந்தக் கார் தோற்றது. 1988இல் உற்பத்தியும் நின்றது. அது வேறு கதை. கான்டெஸாவை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் வெளியிட்ட அந்தக் காரின் உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். எஞ்சினோ அம்பாசடரிலிருந்து வந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். நம் நாட்டுப் பழைய கார்களில் பல, பிறந்தபோதே மாற்றியமைக்கப்பட்டவை. நம் வெயிலுக்கும் நம் சாலைக்கும் நம் பைக்கும் ஏற்றபடி திருத்தப்பட்டவை. அந்த வரிசையில் இன்னும் ஒரு திருத்தம் பாவமாகிவிடுமா?

கான்டெஸாவை நம்மவர்கள் "இந்தியாவின் மசில் கார்" என்கிறார்கள். நீண்ட முகப்பையும் அகன்ற தோளையும் பார்த்து இட்ட செல்லப் பெயர் அது. திறனைப் பார்த்து இட்டதன்று. அமெரிக்காவில் அந்தப் பெயர் பெற்ற வண்டிகளே வேறு. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லிட்டர் எஞ்சின். 325 குதிரைத் திறன். முதல் கான்டெஸாவுக்கு இருந்ததோ ஏறக்குறைய 50. நம் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு எடுத்துச் செல்கிறது, அவ்வளவே. எஞ்சினின் கப்பியிலிருந்து பெல்ட் மூலம் கம்பிரசர் சுழல்கிறது. அழுத்தப்பட்ட சூடான வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. அத்திரவம் சிறு துளை வழியே விரிந்து, டாஷ்போர்டின் கீழே இருக்கும் சுருள் குழாய்களில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. இத்தனைக்கும் எஞ்சின் நான்கைந்து குதிரைத் திறனைக் கொடுக்க வேண்டும். 325இல் ஐந்து போனால் யாருக்குத் தெரியும்? 50இல் ஐந்து போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது காலுக்குத் தெரியும்.

தெரிந்தால்தான் என்ன? 796 கன சென்டிமீட்டர் மட்டுமே கொண்ட மாருதி 800 காரில் ஏ.சி. ஓடவில்லையா? மேம்பாலம் ஏறும்போதும் பேருந்தை முந்தும்போதும் பொத்தானை அணைத்து, இறங்கும்போது மீண்டும் போட்டுக் கொண்ட தலைமுறை ஒன்று இந்த நகரத்தில் இருந்தது. காரில் குளிர்சாதனத்தை முதலில் விலைக்குத் தந்த அமெரிக்கப் பாக்கார்டு கம்பெனியின் 1940ஆம் ஆண்டு வண்டியில் அந்தப் பொத்தான் வசதிகூட இல்லை. ஏ.சி. வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! குளிர்க்கருவி இருந்த இடமோ பின்புறப் பெட்டி அறை. அதையும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

உண்மையான இடர்ப்பாடு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மின்சாரம். ஹெரால்டு, பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அதன் உச்ச அளவு ஏறக்குறைய 22 ஆம்பியர். உள் விசிறி, கண்டென்சர் விசிறி, கம்பிரசரின் மின்காந்தக் கிளட்ச் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே இருபது ஆம்பியரைத் தொட்டுவிடும். இரவில் முகப்பு விளக்கும் எரிந்தால் மிச்சம் ஏது? அதிலும் டைனமோ மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் தருவதே அரிது. ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையில் ஒரு சிக்னலில் நின்றால் பாட்டரியே எல்லாச் சுமையையும் சுமக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் மாற்றாமல் ஏ.சி. பொருத்துவது, அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவதுதான்.

இரண்டாவது ரேடியேட்டர். கண்டென்சர் முன்னால் உட்கார்ந்து கொள்வதால் ரேடியேட்டருக்கு வரும் காற்றே சூடாக வருகிறது. ஓடும்போது சமாளித்துவிடும், நின்றால் முள் சிவப்பை நோக்கி ஏறும். தனி மின்விசிறியும், உள்ளே சுத்தம் செய்த அல்லது ஒரு வரிசை கூடிய ரேடியேட்டரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. "ஏ.சி. போட்டதும் எஞ்சின் கெட்டது" என்று புலம்புவோரிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள்.

நம் சென்னைக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. வட இந்தியாவில் ஈரமான வெட்டிவேர்த் தட்டி வழியே காற்றை விட்டாலே குளிரும். அங்கே காற்று வறண்டது; நீர் வேகமாக ஆவியாகும். 1934இல் ஃபிரான்டியர் மெயில் ரயிலின் சில பெட்டிகளைப் பனிக்கட்டிகள் வைத்தே குளிரச் செய்தார்கள். நம் கடற்கரைக் காற்று ஏற்கெனவே நீரைச் சுமந்து நிற்கிறது. ஈரத்துணி இங்கே பயன் தராது. ஏ.சி.யும் முதலில் அந்த ஈரத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். வண்டியின் அடியில் மணிக்கு அரை லிட்டர் நீர் சொட்டினால், அந்த ஆவியை நீராக்க மட்டும் 300 வாட்டுக்கு மேல் செலவாகியிருக்கிறது என்று கணக்கிடலாம். பழைய வண்டியின் கதவு ரப்பர்கள் கிழிந்திருந்தால், வெளி ஈரம் ஓயாமல் உள்ளே வரும். சாதனம் ஊரையே குளிரச் செய்யப் பார்க்கும். ஆகவே முதல் செலவு ரப்பருக்கும், தரையிலும் எஞ்சின் சுவரிலும் கூரையிலும் ஒட்டும் வெப்பத்தடுப்புக்கும் ஆக வேண்டும். ஏ.சி. அப்புறம்.

நிற்க. இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காரரின் கவலை போலத் தோன்றலாம். எனக்கு இது பொழுதுபோக்கு அன்று. என் தந்தையார் கார் ஓட்டுநர். கடந்த சில ஆண்டுகளாக அவர் ஓட்டுவது 1980களின் நடுவில் வந்த ஒரு கான்டெஸா. ஏ.சி. கிடையாது. திருமண ஊர்வலங்களுக்கும் எப்போதாவது படப்பிடிப்புக்கும் அது வாடகைக்குப் போகும். மாப்பிள்ளை அழைப்பில் நாதஸ்வரக்காரரின் நடைவேகத்துக்கு வண்டியை ஓட்ட வேண்டும். எஞ்சின் சூடு முழுவதும் சுவரைத் தாண்டி அவர் கால்களின் மேல் இறங்கும். மாப்பிள்ளை அரைமணி நேரம் அமர்ந்து இறங்கிவிடுவார். மண்டபம் வந்து, திரும்பி, வண்டியைக் கொண்டுபோய் விடும் வரை தந்தையார் உள்ளேயே இருப்பார். கடந்த மே மாதம் ஒரு நண்பகலில் பல்லாவரம் அருகே கண் இருண்டு வந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து அப்படியே சாய்ந்துவிட்டார். யாரோ ஒரு பழக்கடை அம்மாள் தண்ணீர் தெளித்திருக்கிறார்.

முதலாளி கெட்டவர் அல்லர். மருத்துவச் செலவைக் கொடுத்தார். இரண்டு நாள் விடுப்பும் கொடுத்தார். ஏ.சி. பேச்சை எடுத்தபோதுதான், "ஏம்ப்பா, அதைப் போட்டா அப்புறம் இது கான்டெஸாவா?" என்றார். "சரிங்க ஐயா" என்று தந்தையார் வந்துவிட்டார். நான் அவ்வாறு வருவதாக இல்லை. அசலைக் காப்பாற்றுவதற்கு ஒரு விலை உண்டென்றால், அந்த விலையை ரசிப்பவர் கொடுக்கட்டும். இங்கே கொடுப்பவர் ஓட்டுபவர்.

இது என் வீட்டு வழக்கு மட்டுமன்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நம் கடற்கரை – தாம்பரம் – செங்கற்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரல் 19 முதல் குளிர்சாதன மின்ரயில் ஓடுகிறது. 2003 மே இறுதியில் 45 பாகையைத் தொட்ட ஊர் இது. லாரிக்கும் ரயிலுக்கும் வந்தது பழைய காரின் ஓட்டுநருக்கு மட்டும் ஆடம்பரமா?

சட்டத்தைக் காட்டி மறுப்பவரும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து, அசல் வடிவிலேயே இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்யலாம். சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே எடுக்கலாம். வாடகைக்கு விட முடியாது. ஹெரால்டு வைத்திருப்பவர் அவ்வழியில் போகட்டும், வணங்குகிறேன். கான்டெஸாவுக்கு அந்த வயதே இன்னும் ஆகவில்லை. வாடகைக்கு உழைக்கும் வண்டிக்கு அருங்காட்சியகத்து ஆசாரம் பொருந்தாது.

என்னை உண்மையிலேயே தயங்க வைப்பது வாயு. முற்காலத்து ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1987இல் மான்ட்ரியல் உடன்பாடு வந்தது. நம் நாடும் அதைக் கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் வெளியே கசிந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1400 மடங்கு புவியைச் சூடாக்கும். நம் வெக்கையைத் தணிக்கப் போய் ஊர் வெக்கையைக் கூட்டுவதா என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: இதில் சேதம் கசிவினால்தான் அதிகம். பழைய ரப்பர்க் குழாயை அப்படியே வைத்து ஆண்டுக்கொரு முறை வாயு நிரப்பும் பட்டறையை விடுத்து, புதுக்குழாய் போட்டு, பழைய வாயுவைக் காற்றில் விடாமல் இயந்திரத்தில் சேகரிக்கும் பட்டறையைத் தேட வேண்டும்.

கடந்த மாதம் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தந்தையார் மூலமாக அல்லாமல் நானே முதலாளியிடம் கொடுத்தேன். டாஷ்போர்டின் கீழே தொங்கும் தனிப் பெட்டி; பிராக்கெட்டுகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளிலேயே; கழற்றும் ஒவ்வோர் அசல் உதிரிப் பாகமும் பெயர் எழுதி ஒரு மரப்பெட்டியில்; வேண்டாமென்றால் ஒரே நாளில் பழையபடி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "எத்தனை ஓட்டை போடணும்?" என்று மட்டும் கேட்டார். நீர் வடியும் குழாய்க்கு ஒன்று வேண்டும்; அதையும் தரையில் ரப்பர் மூடியிட்ட பழைய துளை வழியாகவே விடலாம் என்றேன். வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, கால்விரிப்பைத் தூக்கி, அந்த மூடி எங்கே இருக்கிறது என்று தேடினார்.